ஆட்டிசம் உள்ள குழந்தையின் குடும்பத்துக்குப் பக்கத்துத் தெருவால் என்ன செய்ய முடியும்?

ஆட்டிசம் என்பது குழந்தை பேசுவதையும் பழகுவதையும் ஒலி, தொடுகையை உணர்வதையும் வேறாக்கும் மூளை வளர்ச்சி நிலை. குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லும் அன்று பெற்றோர் ஒரு சீட்டோடு வெளியே வருகிறார்கள். வாரம் மூன்று நாள் ஸ்பீச் தெரபி, மூன்று நாள் ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), முடிந்தால் ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு வகுப்பு பெரும்பாலும் 45 நிமிடம். ஆறும் தவறாமல் நடந்தால்கூட வாரத்துக்கு நாலரை மணி நேரம்தான் ஆகிறது. வாரத்தில் இருப்பதோ 168 மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் வீட்டுக்காரர்கள் பாடு. குக்கர் விசில் சத்தத்துக்குக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறுவதும், வெள்ளைச் சோறு தவிர எதையும் தொட மறுப்பதும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விடியும்வரை வீட்டைச் சுற்றி வருவதும் அந்த மிச்ச நேரத்தில்தான்.

உள்ளூரில் உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாலரை மணி நேரத்துக்குள் நுழையத்தான் ஆசைப்படுகிறார்கள். குழந்தைக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டும், பேச வைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் அது முறையாகப் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. பக்கத்துத் தெருக்காரர் இறக்கிவைக்கக்கூடிய சுமை மற்ற 160-க்கும் மேலான மணி நேரத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி வரிசையில் இருக்கிறது, முடிவெட்டும் கடையில் இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் இருக்கிறது, அம்மா காய்ச்சலில் படுத்துவிட்ட நாளில் இருக்கிறது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இந்தச் சுமை எப்படி விழுகிறது, அதில் எதை யார் வாங்கிக்கொள்ளலாம் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் எண்ணிக்கை. 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளைக் கணக்கெடுத்து 2025-இல் வெளியிட்ட அறிக்கை 31-இல் ஒருவர் என்கிறது. அங்கே தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அதிகம் என்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு ஆட்டிசம், வலிப்பு, காது கேளாமை, கற்றல் குறைபாடு போன்றவற்றில் ஏதாவது ஒன்று இருப்பதாகக் கண்டது. உலக மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும், 50,000 பேர் வாழும் ஓர் ஊரில் ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லா வயதிலும் சேர்த்து 400 பேர் அளவுக்கு இருக்க வேண்டும். அந்த ஊரின் கடைத்தெருவில் நின்று பார்த்தால் ஒருவரைக்கூடக் கண்ணில் காண்பது அரிது. அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

ஏன் வீட்டுக்குள் என்பதற்குப் பதில் மருத்துவத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. "போனைக் குடுத்துக் குடுத்தே புள்ளையைக் கெடுத்துட்டா." "ரெண்டு பேரும் வேலைக்குப் போனா இப்படித்தான்." "ரெண்டு அடி போட்டா சரியாயிடும்." இதையெல்லாம் கேட்காத அம்மா நம் ஊரில் இல்லை. தாயைக் குற்றம் சொல்லும் இந்தப் பழக்கத்தை ஒரு காலத்தில் மருத்துவ உலகமே செய்தது. 1943-இல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை அடையாளம் காட்டியபோது, பெற்றோர்கள் பாசம் காட்டாதவர்களாக இருப்பதாகவும் குறித்துவைத்தார். அடுத்த இருபது வருடங்களில் அது வளர்ந்து, ஈரமில்லாத தாயால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்ற கொள்கையாகவே நின்றது. சிகாகோவில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றை நடத்திய புருனோ பெட்டல்ஹைம் அதை ஊரறியப் பரப்பினார். உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் அதை மறுத்து, இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று ஆதாரத்தோடு எழுதினார். 1977-இல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு, இதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டியது.

கவனித்தால், உதவி அமைப்புகள் தோன்றியதும் இதே காலத்தில்தான். லண்டனில் 1962-இல் சில பெற்றோர்கள் கூடித் தொடங்கிய சங்கம்தான் இன்றைய நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி. அமெரிக்கப் பெற்றோர்கள் 1965-இல் கூடினார்கள். டெல்லியில் மெரி பருவா என்ற தாய் 1991-இல் தொடங்கியது ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம். பள்ளிக்கூடம், பயிற்சி, சட்டம் எல்லாம் பின்னால் வந்தவை. "உன்னால் வந்ததில்லை இது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது, அதுதான் ஆரம்பம். நம் ஊரில் இன்றைக்கும் உதவி அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் நாள் அந்த வீட்டுக்குப் போகிறவர் ஒரு யோசனையும் சொல்லாமல் காபி குடித்துவிட்டு வந்தாலே பெரிய உபகாரம். யோசனை சொல்கிறவர்கள் அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஏராளம்.

சாதாரண ஆட்களால் எதுவும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு எதிரான நல்ல ஆதாரம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குடும்பங்களோடு நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், தெரபிஸ்ட் படிப்புப் படிக்காத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு சந்திப்பு. அந்தப் பணியாளர் குழந்தையிடம் நேரடியாக எதுவும் செய்வதில்லை. அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுக்கிறார், பிறகு அம்மாவோடு உட்கார்ந்து அதைப் பார்க்கிறார். உதாரணத்துக்கு, குழந்தை ஒரு டப்பா மூடியைத் தரையில் சுழற்றிக்கொண்டே இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அம்மா பந்தைக் காட்டி "இங்க பாரு, இங்க பாரு" என்று ஐந்து தடவை கூப்பிடுகிறார், அவன் திரும்பவில்லை. ஆறாவது தடவை அவரும் குனிந்து மூடியைப் பார்த்து "சுத்துது" என்கிறார். குழந்தை ஒரு விநாடி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறான். நேரில் கவனிக்காமல் விட்ட அந்த ஒரு விநாடி வீடியோவில் தெரிகிறது. "அக்கா, இந்த இடத்தை மறுபடி பாருங்க" என்று நிறுத்திக் காட்டுவதுதான் பணியாளரின் வேலை. அந்த ஆய்வில் எல்லா அளவுகோல்களிலும் முன்னேற்றம் கிடைத்துவிடவில்லை. ஆனால் பெற்றோர் குழந்தையின் போக்கிலேயே போய்ப் பதில் கொடுப்பது கூடியது, குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்பு கொள்வதும் கூடியது.

இதில் மறக்கக் கூடாத விஷயம், அந்தப் பணியாளர்களுக்கு முறையான பயிற்சியும் மேலே நிபுணர்களின் கண்காணிப்பும் இருந்தன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கமும், கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்கே அனுப்பும் முறையைப் பல வருடங்களாக நடத்துகிறது. மொபைல் செயலி வழியாக நிபுணர்கள் அவர்கள் வேலையைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். இப்படி ஒரு அமைப்பு உங்கள் வட்டாரத்தில் இருந்தால் அதோடு சேர்ந்து வேலை செய்யலாம். இல்லாவிட்டால் தெரபிப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, வேலை வேண்டுமளவு இருக்கிறது.

காகித வேலையிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் குடும்பங்கள் அதிகம் சோர்ந்துபோவது அங்கேதான். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஏழு வகை ஊனங்களில் ஆட்டிசம் இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது, அவற்றில் ஆட்டிசம் ஒன்று. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக மதிப்பிட இந்தியாவிலேயே உருவாக்கிய ஓர் அளவுகோல் இருக்கிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம் என்று கணக்கு. பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் ஊனம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப நடக்கிறது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பெற்றோருக்குப் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராது. "நல்லா புரிஞ்சுக்குவான் சார், சொன்னதெல்லாம் செய்வான்" என்பார்கள். பல்லி விழுந்த சத்தத்துக்கு ஒரு மணி நேரம் அழுததையும், பல் துலக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருப்பதையும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பாசத்தால் சதவீதம் குறைந்துபோகும். போவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒருவர் நோட்டும் பேனாவுமாக அந்த வீட்டில் உட்கார்ந்து, காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன நடக்கிறது, எதில் எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்று கேட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். அம்மா அந்தத் தாளைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்.

சான்றிதழ் முகாம் நாளும் அப்படித்தான். அரசு ஆஸ்பத்திரியில் சான்றிதழுக்குக் குறிப்பிட்ட கிழமை இருக்கும். அன்று நடைபாதை முழுக்கக் கூட்டம், மின்விசிறி இரைச்சல், மைக்கில் பெயர் கூப்பிடும் சத்தம், பினாயில் வாடை. ஆட்டிசம் உள்ள குழந்தையால் அங்கே பத்து நிமிடம் இருப்பதே பெரும்பாடு, மூன்று மணி நேரம் இருக்கச் சொல்கிறோம். தன்னார்வலர் ஒருவர் காலையிலேயே போய் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்துவிட்டால், குழந்தை வெளியே மரத்தடியிலோ ஆட்டோவிலோ இருக்கலாம். முறை வர நாலு பேர் இருக்கும்போது ஒரு போன். அந்தக் குழந்தை அன்று உடைந்துபோகாமல் வீடு திரும்பியது ஒரு டோக்கனால் என்று சொன்னால் மிகையில்லை.

சான்றிதழ் கிடைத்த பிறகுதான் மற்ற கதவுகள். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு, ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி உரிமை, பழைய வரி முறையில் இருக்கும் பெற்றோருக்கு வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு (80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000). ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. ஆனால் அது ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பல வீடுகளில் ஒரு வருடம் எடுத்து, மறுவருடம் மறந்து, அப்புறம் விட்டேபோயிருக்கும். பிப்ரவரியில் பத்து வீடுகளுக்குப் போன் போட்டு "நிராமயா ரினியூ பண்ணியாச்சா?" என்று கேட்பது ஒருவர் சாயங்காலம் செய்து முடிக்கக்கூடிய வேலை.

இனி முடிவெட்டும் கடை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். கழுத்தில் துணி கட்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது, காதோரம் மெஷின் கிர்ரென்று ஓடுவது, வெட்டிய முடி சட்டைக்குள் விழுந்து குத்துவது, கண்ணாடியில் இரண்டு முகம், டி.வி.யில் பாட்டு: ஒலியும் தொடுகையும் பல மடங்காக உறைக்கும் ஒரு குழந்தைக்கு இது வலி. அதனால் பல வீடுகளில் குழந்தை தூங்கும்போது அம்மா கத்தரிக்கோலால் திருட்டுத்தனமாக வெட்டிவிடுகிறார். ஊரில் ஒரே ஒரு முடிதிருத்துநரிடம் பேசினால் இது மாறும். கூட்டமில்லாத வார நாள் மதியம் மூன்று மணி. டி.வி. அணைத்திருக்க வேண்டும். முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம், முடியைத் தொடவே வேண்டாம். அடுத்த தடவை சீப்பு மட்டும். துணி கட்டாமல் பழைய சட்டையோடு, மெஷினும் தண்ணீரும் இல்லாமல் கத்தரிக்கோலால் முன்பக்கம் மட்டும் ஒரு நாள், பின்பக்கம் இன்னொரு நாள். அப்பா முடிவெட்டிக்கொள்ளும் வீடியோவை முன்கூட்டி வீட்டில் பத்துத் தடவை போட்டுக் காட்டலாம். கடைக்காரருக்கு அந்த அரைமணி நேர வருமானம் போகும், அதைத் தன்னார்வக் குழு கொடுத்துவிடுவதுதான் முறை. இப்படி ஒரு பல் டாக்டர், ஒரு துணிக்கடை, ஒரு ஹோட்டலில் மூலை மேசை என்று ஊரில் நாலு இடம் பழகிவிட்டால் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே வேறு.

பேசாத குழந்தைகளுக்கு, வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்க உதவும் பட அட்டை பெரிய துணை. அதே வேலையைப் போனில் செய்யும், சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளும் இருக்கின்றன. படத்தைக் காட்டப் பழகினால் பேச்சே வராமல் போய்விடுமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. செயலியை எப்படி அமைப்பது, எத்தனை அட்டையில் தொடங்குவது என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்வார். தன்னார்வலர் செய்ய வேண்டியது போட்டோவும் லேமினேஷனும். இணையத்தில் கிடைக்கும் கண்ணாடி டம்ளர் படத்துக்குப் பதிலாக அந்த வீட்டு எவர்சில்வர் டம்ளரையே, அந்த வீட்டுக் கழிப்பறைக் கதவையே படம் எடுத்தால் குழந்தைக்குச் சட்டென்று பிடிபடும். தண்ணீர், பசி, வலிக்குது என்பவற்றோடு "போதும்" என்ற அட்டையும் கட்டாயம் இருக்கட்டும். போதும் என்று சொல்ல வழியில்லாத குழந்தைதான் கடிக்கிறது, தலையை முட்டிக்கொள்கிறது.

அடுத்தது பயமான விஷயம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் சொல்லாமல் வெளியே போய்விடுவார்கள். 2012-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், நான்கு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது அப்படிப் போக முயன்ற குழந்தைகள் ஏறத்தாழ பாதிப் பேர். தண்ணீர் இந்தக் குழந்தைகளில் பலரை இழுக்கும். நம் ஊரில் கிணறு, கண்மாய், வாய்க்கால், மூடாத தொட்டி எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. இங்கே தெருவைவிட நல்ல காவல் எதுவும் கிடையாது. பெற்றோர் சம்மதம் கொடுத்தால், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பூக்கடை அக்கா, ரேஷன் கடை என்று பத்துப் பேருக்குக் குழந்தையை நேரில் காட்டிச் சொல்லிவைக்க வேண்டும்: "தனியா வந்தா பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். துரத்தாதீங்க, இன்னும் வேகமா ஓடுவான். கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. பக்கத்துலயே நடந்து போய்க்கிட்டே அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. பஸ்ஸுன்னா உசுரு, பஸ் வீடியோ போட்டா நிப்பான்." காணவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது தண்ணீர் இருக்கும் இடங்களை, அதே நேரத்தில் அவசர உதவி எண் 112-க்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்க வேண்டும். சட்டையின் உட்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடுவதும் நீச்சல் கற்றுக்கொடுப்பதும் கட்டாயம்.

வாரத்தில் இரண்டு மணி நேரம் குழந்தையோடு இருந்து அம்மாவை விடுவிப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், இதில்தான் நல்லதும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் வேலையை விட்டவர் அம்மா. பல் வலிக்கு ஆஸ்பத்திரி போகாமல், சொந்தத் தங்கை கல்யாணத்தில் முகூர்த்தம்வரைகூட உட்காராமல் வருடங்களைக் கழித்தவர் அவர். அந்த இரண்டு மணி நேரத்தின் மதிப்பு வெளியாருக்குப் புரியாது. ஆனால் நடந்ததைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு எதிராகக் கொடுமை நடந்தால் வெளியே தெரியவே தெரியாது. அதனால் விதிகளில் நெகிழ்வு கூடாது. முதல் சில வாரங்கள் அம்மா வீட்டிலேயே இருக்க வேண்டும். பிறகும் தன்னார்வலர்கள் இருவராகவே இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது வீட்டாரின் வேலை. ஒவ்வொருவருடைய அடையாளச் சான்றும் தெரிந்த இருவரின் பரிந்துரையும் குழுவிடம் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டு போக்ஸோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம் என்பதை எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குழந்தையின் போட்டோவை ஸ்டேட்டஸில் போடுகிறவரை அன்றே நிறுத்திவிடலாம். இதைக் கேட்டு மனம் கோணுகிறவர் இந்த வேலைக்கு வேண்டாம்.

ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்பதால் அந்த வாரத்தில் ஆள் நிறையக் கிடைக்கும். கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவர்கள் உற்சாகமாக வருவார்கள், செமஸ்டர் முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் ஒரே ஒழுங்கில் வாழப் பிடிக்கும் குழந்தைக்கு, மூன்று வாரம் சனிக்கிழமை சனிக்கிழமை வந்த அண்ணன் நாலாவது வாரம் வராதது சாதாரணம் கிடையாது. வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும். என் எண்ணத்தில், வாரம் ஒரு மணி நேரம் என்று ஒரு வருடம் வர முடிகிற ஒருவரைத்தான் குழந்தையிடம் அனுப்பலாம். அதற்குக் குறைவாக வர முடிந்தவர்களுக்கு லேமினேஷன், டோக்கன், ஜெராக்ஸ், பிரியாணி வாங்கிக் கொடுப்பது என்று குழந்தையைத் தொடாத வேலைகள் நிறைய இருக்கின்றன. விலகிப் போக வேண்டியிருந்தாலும் முன்கூட்டிச் சொல்லி, காலண்டரில் கடைசி நாளைக் குறித்துக் குழந்தைக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

கூடப் பிறந்தவர்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள். தம்பி உடைத்த பொம்மைக்கு அழக்கூட அனுமதியில்லாத அக்காவைச் சினிமாவுக்கோ பார்க்குக்கோ கூட்டிப்போக ஒரு ஆள் இருக்கட்டும். பள்ளிக்கூடச் சிக்கல்களுக்கு கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைப் பிடித்தால் பாதி வழி தெளியும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவருக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. "முழுமையாகக் குணப்படுத்துகிறோம்" என்ற விளம்பரங்கள் அங்கேதான் வந்து விழும். ஸ்டெம் செல் ஊசிக்காக நகையை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு அந்த ஊசியைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியமே 2022-இல் சொல்லிவிட்டது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற கதை 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அந்தக் கட்டுரையை 2010-இல் இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. இருந்தும் அண்ணனுக்கு ஆட்டிசம் என்பதால் தம்பிக்குத் தட்டம்மை ஊசி போடாமல் விட்ட வீடுகள் இருக்கின்றன. பயந்த பெற்றோரைத் திட்டாமல், பொய்யை மட்டும் உடனுக்குடன் மறுத்து எழுத ஒருவர் வேண்டும்.

பதினெட்டு வயதுப் பக்கம் வரும்போது எல்லாப் பெற்றோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: எங்களுக்கு அப்புறம்? அதில் ஒரு பகுதிக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாமலே போகிறது. பதினெட்டு முடிந்தால் சட்டப்படி அவர் பெரியவர். வங்கிக் கணக்கு, சொத்து, ஆபரேஷனுக்குக் கையெழுத்து எதிலும் பெற்றோர் என்ற முறையில் மட்டும் நிற்க முடியாது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்காக ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உள்ளூர்க் குழு ஒன்றை வைத்திருக்கிறது. கலெக்டர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூன்று பேர். பெற்றோரோ உறவினரோ மனு கொடுத்தால், தேவை இருக்கிறதா என்று பார்த்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை அந்தக் குழு நியமிக்கும். நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை.

மனு எழுதுவதற்கு முன்னால், அது உண்மையிலேயே வேண்டுமா என்று அந்த இளைஞரிடமே கேட்க வேண்டும். பேச்சிலோ படத்திலோ எழுத்திலோ, அவருக்கு எது வருமோ அதில். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் பாதுகாவலர் தேவைப்படுவதில்லை. பணக் கணக்குக்கு மட்டும் துணை வேண்டும், எங்கே வேலை செய்வது, யாரோடு இருப்பது என்பதை நானே சொல்வேன் என்பவர்கள் இருக்கிறார்கள். 2016 சட்டமும் அவரோடு கலந்து முடிவெடுக்கும் குறுகிய அளவிலான பாதுகாவலர் முறைக்கே இடம் வைத்திருக்கிறது. நியமனம் ஆனதும் வேலை முடிவதில்லை. ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். எழுபது வயது அப்பா தனியாக இதைச் செய்ய முடியாமல் விட்டுவிடுகிறார். தெருவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் இருந்தால், மே மாதத்தில் இரண்டு சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து பாஸ்புக்கையும் பில்களையும் பார்த்து எழுதிக் கொடுத்துவிடலாம், ஜூன் 30-க்குள் போய்ச் சேர்ந்துவிடும்.